பெரட்டு நேரத்தில் மறந்துபோன மழை

பிள்ளைகளா, அப்பா கம்ப்யூட்டரில் வேலை செய்வதில்லை, நட்சத்திரம் போட்டு விளையாடுகிறார் என்று போன வாரம் அத்தையிடம் சொல்லிச் சிரித்தீர்கள். அத்தையும் உங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த நட்சத்திரம் என்னவென்று அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஓ லெவல் வரைதான் படித்தேன். பிறகு ரேடியோ திருத்தப் பழகி, இரத்தினபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் இப்போதும் வேலை செய்கிற கடையில் சேர்ந்தேன். தராசு திருத்துவோம். தோட்டங்களுக்கு மழைப் பெட்டியும் செய்து கொடுப்போம். கம்பத்தின் மேல் ஒரு புனல், அதற்குக் கீழே ஒரு பெட்டி. எவ்வளவு மழை பெய்தது என்று பெட்டி மணிக்கு மணி எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் பெய்த மொத்த மழை அளவுக்கு மீறினால் சைரன் ஊதும். மண் சரியும் முன்னால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் அது. என் சொந்த அக்கா ஆயிற்றே, அத்தை இருக்கிற கீழ் லயத்துக்கு நான்தான் போய்ப் பொருத்திவிட்டு வந்தேன்.

அந்தக் காலையில் சைரன் ஊதவில்லை.

விடியற்காலையில் பிடித்த மழை. அத்தை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டார். காலையில் எல்லாரும் கூடி, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக்கொடுக்கிறார்களே, அதுதான் பெரட்டு. முழங்கால் வலியோடு மாமா வீட்டில் படுத்திருந்தார். பெரட்டு கலைந்த கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த ரப்பர் மலையின் மண் இறங்கி, அடுப்படிச் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் ஒன்றும் ஆகவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை என் முகத்தையே பார்க்கவில்லை. மாமாவிடம் பேசுவது போலப் பேசினார்.

"அது கத்தியிருந்தா நான் பெரட்டுக்குப் போயிருப்பேனா? தம்பி மாட்டுன பொட்டியாச்சேன்னு நம்புனேன்ல. இனி அது கத்துனாலும் ஒண்ணுதான், கத்தாட்டியும் ஒண்ணுதான்."

லயத்தில் மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அடுத்த முறை அது சரியாக ஊதி, யாரும் எழுந்து போகாவிட்டால்?

பெட்டியின் பேட்டரியைக் கழற்றாமல், அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைசி ஒரு நாளின் மழையை மட்டும்தான் அது ஞாபகம் வைத்திருக்கும். நாளைக்கு என்று விட்டால் அந்தக் காலை அழிந்துவிடும்.

டிபக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, அதன் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க உதவுவது. கேபிளை மாட்டி, மழைக் கணக்கைக் காட்டு என்றேன். இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் இருபத்து நான்கு எண்களைக் கொட்டியது. பூஜ்யம், பூஜ்யம், நாற்பது, ஆறு, பூஜ்யம் என்று எந்தத் தலையும் வாலும் இல்லாமல். இடம் நிறைந்ததும் பெட்டி திரும்ப முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கும். அதனால் இன்றைய காலை நடுவில் கிடக்கும், நேற்றைய மாலை அதற்குப் பின்னால் வரும். அந்த மழையில் நனைந்திருந்த எனக்கே அதில் மழை தெரியவில்லை.

சரி, இதை மனிதர் பார்க்கிற மாதிரி காட்டச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். டிபக்கரோடு நம்முடைய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். போனில் வீடியோ பார்த்துப் பழகியிருந்தேன். பழைய மணியிலிருந்து புதிய மணி வரை வரிசையாக நிறுத்து, மழைக்குத் தக்கபடி கீபோர்டில் இருக்கிற நட்சத்திரக் குறியைப் போடு, அந்த மணி வரைக்கும் புரோகிராம் கூட்டி வைத்த மொத்தத்தைப் பக்கத்தில் எழுது. அவ்வளவுதான் கேட்டேன். தமிழில் காட்டத்தான் ஆசை. அந்தக் கறுப்புத் திரையில் கொம்பும் காலும் தனித்தனியாகக் கழன்று விழுந்ததால் இங்கிலீஷ் எழுத்திலேயே விட்டுவிட்டேன்.

கடை முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"மொக்கத மல்லி மே?" என்று, அதாவது என்ன தம்பி இது என்று, சிங்களத்தில் கேட்டுவிட்டு, தமிழுக்கு மாறினார். "நம்பர் போதும் தானே? ஏன் பூ கட்டுறது?"

"பொறுங்க மாத்தையா, இன்னும் கொஞ்சம்."

ஸ்கிரிப்ட் ஓடியது. விடியற்காலையிலிருந்து நட்சத்திரங்கள் வரிக்கு வரி நீண்டுகொண்டே போயின. பக்கத்தில் மொத்தமும் ஏறிக்கொண்டே வந்தது. பெரட்டு நேரம் வந்ததும் மொத்தம் பூஜ்யம். நட்சத்திரம் மட்டும் விடாமல் நீண்டுகொண்டிருந்தது.

முதலாளி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். தோட்டத்து ஆபீஸில் மழை எழுதுகிறவர்களுக்கு நாள் தொடங்குவது பெரட்டில்தான். அவர்கள் கணக்கோடு பொருந்தட்டும் என்று, பெட்டியின் நாளும் பெரட்டிலேயே தொடங்கும்படி அவர்தான் செய்திருந்தார். அவர்கள் கேட்டார்கள், இவர் கொடுத்தார். அதில் யாரைக் குறை சொல்வது? ஒரே மழை இரண்டு நாளாக வெட்டுப்பட்டு, இரண்டு துண்டும் அளவுக்குள் நின்றுவிட்டது.

"தோட்டத்துக்கு நாள் பெரட்டுல பொறக்குது," என்றார் மெதுவாக. "மழைக்கு அது தெரியுமா மல்லி?"

இனி எந்த நேரமானாலும் அதற்கு முந்தின ஒரு முழு நாளைக் கூட்டிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம்.

பெட்டியைத் திரும்ப மாட்டப் போனபோது லேப்டாப்பையும் எடுத்துப்போனேன். அடுப்படிக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அத்தை முதலில் பார்க்க மாட்டேன் என்றார். மாமாதான், "பாரு புள்ள, படம் காட்ட வந்திருக்கான்ல," என்றார்.

அத்தை குனிந்து, வரிகளை விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தார்.

"இதெல்லாம் மழையா?"

"மழைதான்க்கா. இந்தா, இது நீங்க பெரட்டுக்குக் கெளம்புன நேரம்."

"ஆமா, அப்ப சரியான மழை." விரல் பூஜ்யத்தில் நின்றது. "அப்ப இது எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாத்துட்டும் சொல்லலியா?"

"நாள் மாறிருச்சுன்னு பழசை விட்டுருச்சுக்கா."

"நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு," என்றார் மாமா.

அத்தை சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அந்தப் படத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீடுகளில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். அத்தையே ஒவ்வொரு வரியாகக் காட்டி விளங்கப்படுத்தினார்.

அடுத்த பெருமழையும் விடியற்காலையிலேயே பிடித்தது. பெரட்டில் அன்று வேலை இல்லையென்று எல்லாரையும் திருப்பி அனுப்பிய பிறகு போன் அடித்தது. அத்தையின் குரலுக்குப் பின்னால் சைரன் கேட்டது.

"தம்பி, உன் பொட்டி கத்துது. ஒலையில அரிசி போட்டிருக்கேன், எறக்கிட்டுக் கெளம்பவா?"

"சோறு கெடக்கட்டும்க்கா! அடுப்ப அணைச்சிட்டு மாமாவக் கூட்டிக்கிட்டுப் போங்க!"

லயம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கியது. அன்று மண் இறங்கவில்லை. சிமெண்டுத் தரையில் படுத்து இடுப்பு போச்சு, சோறு வீணாப்போச்சு என்று அத்தை என்னை நன்றாக ஏசினார். ஏசட்டும். அடுத்த தடவையும் போவீங்களா என்று கேட்டேன். "பின்ன? நீ வந்து தூக்கிட்டுப் போவியா?" என்றார்.

மழை விட்டு, திரும்பிப் போகலாம் என்று சொன்ன பிறகு, எல்லாரும் வீடுகளுக்குள் ஈரப்பாயை உதறிக்கொண்டிருந்தார்கள். நான் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகக் கம்பத்துக்குப் போனேன். புனலின் வாயை ஒரு ரப்பர் இலை பாதி மூடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, சட்டை நுனியால் உட்புறத்தை ஒரு சுற்றுத் துடைத்துவிட்டு இறங்கினேன்.