ஏழாவது இடத்துத் தண்ணீர்

இது நடந்தது. காயத்ரி இன்னும் வளவனூரில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டால் உட்காரச் சொல்லி, மணி நிமிடத்தோடு சொல்வாள். ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். கழுவெளிக் கரையில் ஒரு ஊர், அவ்வளவுதான். இருட்டில் நடந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உச்சி வெயிலில் நடந்தது. மூன்று நாள். மூன்று நாளும் ஒரே நேரம். பகல் 12.20.

2013 ஜூலை மாதம். திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற மழைத்தண்ணீரும், முகத்துவாரம் வழியாக ஏறி வருகிற கடல்தண்ணீரும் கலக்கிற பெரிய சதுப்பு ஏரி கழுவெளி. அதைச் சீரமைக்க ஒரு திட்டம் வந்திருந்தது. காயத்ரிக்கு அப்போது இருபத்தாறு வயது. பதினோரு இடங்களில் தண்ணீர் எடுத்து, மீட்டரை உள்ளே விட்டு, உப்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வருவது அவள் வேலை.

ஏழாவது இடம் ஒரு பழைய இறால் பண்ணையின் கரை. தொண்ணூறுகளில் யாரோ ஒரு பெரிய கை அங்கே வந்து, கேப்பை விளைந்த நிலத்தையெல்லாம் வளைத்துக் குட்டை வெட்டி, கடல்தண்ணீரைப் பாய்ச்சி இறால் வளர்த்தது. நாலே வருஷத்தில் இறாலுக்கு நோய் விழுந்தது. பண்ணைக்காரர்கள் மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். சுற்று வட்டாரத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீரும் வாயில் வைக்க முடியாது. பக்கத்துக் காலனிக்கு லாரியில் தண்ணீர் வரும், வராமலும் போகும்.

ஜீப் ஓட்டியவர் பெரியதம்பி. பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல். எந்தச் சேற்றிலும் கூடவே இறங்கி வருகிறவர், ஏழாவது இடத்தில் மட்டும் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"நீ போய்க்கினு வாம்மா. நான் இங்கயே இருக்கறேன்."

"ஏன்ணா?"

"மணல்ல வண்டி பொதையும்."

வண்டி புதையும், சரி. ஆள் ஏன் வரவில்லை? அவள் அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

முதல் ஆறு இடங்களிலும் அளவு, லிட்டருக்கு முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது கிராம் உப்பு. கடலைவிடக் கரிப்பு. மழைக்கு முன்னால் அப்படித்தான் இருக்கும். ஏழாவது இடத்தில், கரையடியில் தேங்கிய தண்ணீரில் மீட்டரை விட்டாள்.

பூஜ்யம் புள்ளி இரண்டு.

கழுவித் துடைத்து மறுபடி விட்டாள். பூஜ்யம் புள்ளி இரண்டு. மணி 12.20. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். அதைவிட இன்னொன்று... அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்தது. தகிக்கிற வெயிலில், முழங்கால் ஆழக் குட்டையில், அடிக்கிணற்றிலிருந்து இறைத்தது போல.

சாயந்தரம் திண்டிவனம் ஆபீசில் திட்ட அதிகாரி சக்கரபாணி தாளைப் பார்த்தார்.

"மீட்டர் ரிப்பேரு. முப்பத்தெட்டுன்னு போட்டுடு."

"மத்த இடத்துல சரியா காட்டுது சார்."

"அந்தக் கரைமேலதான் டவர் கட்டப் போறோம். ஜனங்க ஏறிப் பறவை பாக்கறதுக்கு. பிளான் போயாச்சு. அங்க ஊத்து கீத்துன்னு எழுதினா கரைய வெட்டச் சொல்லுவான். இன்னாத்துக்கு பேஜாரு?"

ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று போர்டு வைத்துவிட்டு, ஏரியைக் கொன்ற கரையின் மேலேயே சிமெண்ட் டவர். காயத்ரி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நாளைக்கும் எடுத்துட்டு வர்றேன் சார்" என்று மட்டும் சொன்னாள். எண்ணை மாற்றவில்லை.

இரண்டாம் நாள். 12.20. பூஜ்யம் புள்ளி இரண்டு.

குனிந்தவள் நிமிர்ந்தபோது கரைமேல் ஈரக் கால்தடம் பார்த்தாள். வெறுங்கால். பெண்ணின் கால். கரையின் நடுவிலிருந்து விளிம்பு வரை ஒன்பது தடம். கரைக்கு ஏறி வந்த தடம் இல்லை. இறங்கிப் போன தடமும் இல்லை. நடுவில் தொடங்கி விளிம்பில் முடிந்திருந்தது. அந்த வெயிலில் ஈரம் ஒரு நிமிஷம் நிற்காது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். காயவில்லை.

அப்புறம் ஒரு சத்தம். கிரீச்... கிரீச்... கிணற்று உருளையில் கயிறு ஓடுகிற சத்தம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் கிணறே இல்லை.

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காற்றே இல்லை.

மூன்றாம் நாள் ஆபீசில் புது மீட்டர் வாங்கிக்கொண்டு போனாள். பயம் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகம் இருந்தது. இந்த எண் பொய் என்று எவனும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

12.18. கரைமேல் ஏறினாள்.

ஒரு பெண் நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். முடி முழுக்கச் சேறு. புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மாறி மாறி இழுத்தன. கையில் கயிறு இல்லை.

கிரீச்... கிரீச்...

"யாருங்க?"

"தண்ணி எடுக்க வந்தேன்."

"இங்க கிணறு இல்லயே."

"மூடிட்டானுங்க."

"எப்போ?"

"இப்பதான்."

காயத்ரி மணியைப் பார்த்தாள். 12.20.

உள்ளங்கால் சில்லென்றது. செருப்பைத் தாண்டி ஈரம் ஏறியது. காய்ந்த கரையில்... அவள் நின்ற இடத்தில் மட்டும்... தண்ணீர்.

அந்தப் பெண் திரும்பவில்லை. ஆனால் குரல் இப்போது முன்னாலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

"தள்ளு. தலைமேல நிக்கற."

ஓடினாள்.

ஜீப்புக்குள் விழுந்தவளின் காலைப் பெரியதம்பி பார்த்தார். கணுக்கால் வரை வெள்ளைச் சேறு. கரை மண் செம்மண். குட்டைச் சேறு கறுப்பு. வெள்ளைச் சேறு அந்தப் பக்கம் எங்கும் கிடையாது. கிணற்று அடியில் ஊற்று சுரண்டினால்தான் வரும். அவர் வண்டியை எடுத்து, நேராகக் காலனிக்கு விட்டார்.

லூர்துமேரி என்கிற அம்மாவின் வாசலில் நிறுத்தினார். அவருக்கு அறுபது வயது இருக்கும். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். காயத்ரி சொல்லச் சொல்ல, உரிப்பது நின்றது.

"அவ பேரு அம்மணி" என்றார். "நானும் அவளும் ஒண்ணாதான் நடவுக்குப் போவோம். எங்க காலனிக்கு இருந்தது ஒரே உறக்கிணறு. சிமெண்ட் உற, வட்டம் வட்டமா பதினாலு எறக்கி இருந்தோம். தேங்காத்தண்ணி மாதிரி இருக்கும். அது பண்ணைக்காரன் கரை போட்ட வழியில மாட்டிக்கிச்சு. மூட வந்தானுங்க. பொம்பளைங்க நாங்க போயி சுத்தி உக்காந்துட்டோம். திரும்பிப் போயிட்டானுங்க. போனவனுங்க இனிமே வரமாட்டானுங்கன்னு நம்பிட்டோம்."

"அப்புறம்?"

"தொண்ணூத்தி நாலு, சித்திரை மாசம். தண்ணி கீழ போயிடுச்சின்னு அம்மணி உள்ள எறங்கி ஊத்து சொரண்டிக்கினு இருந்தா. நாங்கல்லாம் வேலைக்குப் பூட்டோம். பொழுது சாய வந்து பாத்தா கிணறு இல்ல. மண்ணத் தள்ளி மட்டமாக்கி, மேல கரை ஓடுது. அம்மணி எங்கடான்னு கேட்டன். எவன் கூடவோ பெங்களூர் பஸ் ஏறிட்டான்னானுங்க. பாத்தேன்னு ரெண்டு பேரு சாட்சி வேற. நான் ஸ்டேசனுக்குப் போனேன். அவ கிணத்துல இருக்கறான்னு சொன்னேன். ஓடிப்போனவளுக்கு இன்னா கேசுன்னு வெரட்டிட்டானுங்க."

அம்மணியின் புருஷன், மண்ணாங்கட்டி என்று பெயர், அந்தச் சாட்சியை நம்பினார். சாகிறவரை அவள் பெயரைச் சொன்னால் காறித் துப்பினார். அதைச் சொல்லும்போது லூர்துமேரி முறத்தைத் தள்ளி வைத்தார். "அவன் துப்பினதுதான் எனக்கு ஆறல" என்றார்.

பெரியதம்பி தலை குனிந்தபடி சொன்னார். அந்த வருஷம் பண்ணைக்கு டீசல் கேன் இறக்கியவர் அவர். மத்தியானம், பன்னிரண்டேகால் தாண்டி, புல்டோசர் ஓடும்போது ஒரு குரல் கேட்டதாம். இஞ்சின் சத்தம் என்று எல்லோரும் சொன்னார்களாம். அவரும் அப்படியே வைத்துக்கொண்டாராம்.

"பத்தொம்பது வருசமா வச்சிக்கினு இருந்தீங்களாண்ணா?" என்றாள் காயத்ரி.

அன்று மாலை மூன்று நாள் அளவையும் அப்படியே எழுதினாள். சக்கரபாணி அடித்துத் திருத்தினார். அவள் தன் கையால் இன்னொரு நகல் எழுதி, காலனிப் பெண்கள் எழுபது பேரோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுவோடு சேர்த்துக் கொடுத்தாள். மறுநாளே வேலை போனது. நாலு திங்கட்கிழமை விடாமல் போய் வாசலில் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது திங்கள் உத்தரவு வந்தது: நல்ல நீர் ஊற்று இருக்கிறதா என்று கரையை வெட்டிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 11. பாண்டுரங்கன் என்கிற ஆப்பரேட்டர் ஜேசிபி கொண்டுவந்தார். கரையை வழித்து எடுத்ததும் முதல் உறையின் வட்டம் தெரிந்தது. அப்புறம் ஆட்கள் இறங்கிக் கூடையில் மண்ணை எடுத்தார்கள். இரண்டு நாள். பதினாலாவது உறையில், வெள்ளைச் சேற்றில், எலும்பு கிடந்தது. பக்கத்தில் ஒரு மண்சட்டி.

பெண்கள் அழவில்லை. "பெங்களூர் போனவ வந்துட்டா, வந்து பாருங்கடா" என்று லூர்துமேரி ஊரைப் பார்த்துக் கத்தினார். பஸ் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் அந்தக் கூட்டத்திலேயே நின்றிருந்தார். அன்றைக்குச் சாயந்தரம் அவர் ஊரைவிட்டுப் போனார். பெரியதம்பி போலீசில் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. டவர் வரவில்லை. கரையை நாலு இடத்தில் வெட்டிவிட்டார்கள். அந்த மழைக்குத் தண்ணீர் தடையில்லாமல் கழுவெளிக்குப் போனது. ஊற்று நிரம்பியதிலிருந்து காலனி அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

போலீஸ் எழுதாத ஒன்று மட்டும் இருக்கிறது. அதைக் காயத்ரி பார்த்தாள், லூர்துமேரி பார்த்தார், பாண்டுரங்கன் பார்த்தார்.

மண்ணை எடுத்தபின் உறைகளின் உட்புறம் தெரிந்தது. எல்லாவற்றிலும் நகக் கீறல். ஐந்து ஐந்தாக. அடியில் இருந்த உறைகளில் கீறல் கறுத்துப் பழையதாக இருந்தது. மேலே வர வர நிறம் வெளுத்தது. எட்டாவது உறையில் சாம்பல் நிறம். நாலாவதில் இன்னும் வெளுப்பு.

எலும்பு கிடந்ததோ அடியில்.

பாண்டுரங்கன் குனிந்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த உறையில் விரலை வைத்துத் தடவினார். கீறல் வெள்ளை வெளேரென்று இருந்தது. சிமெண்ட் தூள் விரலில் ஒட்டியது.

"இது போட்டு ரெண்டு மாசம்கூட ஆவலம்மா" என்றார்.