சாயம் வேறு என்று சொன்ன அக்கா

கமலவேணி அக்கா போய்விட்டார் என்று ஹமீத் நானா முத்திரை சேகரிக்கிற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, கொட்டகலைப் பாடசாலையில் நான் கணக்குப் பாடத்தின் நடுவில் இருந்தேன். மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தேன். கரும்பலகையில் பாதியில் விட்ட கணக்கை என்னால் முடிக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன். டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து சவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வாசலில் நான் நின்றேன். அன்றைக்கு நான் அழுத அழுகை உண்மையான அழுகை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது உங்களில் பலருக்குப் பிடிக்காது.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டீர்கள். அக்காவின் நல்ல குணங்களை எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். அவர் நல்லவர்தான். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், தான் வேலை செய்த தபால் கந்தோரைப் பூட்டிவிட்டு ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு மழையில் வந்தவர் அவர். குடை பிடித்து வந்தும் சேலை முழங்கால்வரை நனைந்திருக்கும். "நீ தின்னாத்தான் அம்மாவ பாக்க முடியும்" என்று எனக்கு முன்னால் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அந்தச் சோற்றை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இப்போது இவ்வளவு எரிச்சல் வராது.

அக்காவைத் தெரிந்தும் அவருடைய தந்தி முத்திரைச் சேகரிப்பைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தந்தி முத்திரை கடிதத்தில் ஒட்டுகிற முத்திரை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தந்தி அடிக்கிறவர் கட்டும் கட்டணத்துக்காக வந்தது, நெடுக்காக இருக்கும். கந்தோரில் அதைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியைப் பற்றுச்சீட்டில் ஒட்டித் தந்தி கொடுத்தவர் கையில் தருவார்கள். கீழ்ப்பாதி தந்திப் படிவத்தோடு கந்தோரிலேயே தங்கிவிடும். படிவங்களைப் பிறகு அழித்துவிடுவார்கள். அதனால் தேடினால் மேல்பாதி கிடைக்கும், கீழ்ப்பாதி லேசில் கிடைக்காது. ஒரே முத்திரையின் இரண்டு பாதியும் பிற்பாடு ஓரிடத்தில் சேர்வதை எங்கள் குழுவில் யாரும் கண்டதில்லை.

எங்கள் குழு என்றால் ஐந்தாறு பேர். ஹட்டனில் ஹமீத் நானாவின் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். நடுவில் அக்கா. அவருக்கு முன்னால் ஒரு கறுப்புத் தட்டு, ஒரு பூதக்கண்ணாடி, லைட்டருக்கு ஊற்றுகிற பெற்றோல். முத்திரையைக் குப்புறப் போட்டுச் சொட்டு விட்டால் தாளுக்குள் இருக்கும் நீர்க்குறி தெரியும். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம். அக்கா சொன்னால் அதுதான் முடிவு. தபால் கந்தோரில் வேலை செய்தவர் என்பதற்காக மட்டும் நாங்கள் அவரை நம்பவில்லை. ஒரு தடவை கண்டி வியாபாரி ஒருவரிடம் அவர் ஆசையாக வாங்கிய முழு முத்திரை ஒன்றை எங்கள் முன்னால் கெட்டில் ஆவியில் பிடித்தார். இரண்டு வேறு முத்திரைகளின் பாதிகளை எடுத்து ஒட்டிய வேலை அது. தனித்தனியாகக் கழன்று விழுந்தது. பேசாமல் வைத்திருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. "ஒட்டுன பொய்ய வச்சிக்கிட்டு எனக்கு தூக்கம் வராது" என்றார். அப்படிப்பட்டவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

இனி என் பாதியின் கதை. எங்கள் வீட்டுச் சாமியறையில் தாத்தா காலத்து முருகன் படம் ஒன்று இருந்தது. கண்ணாடி உடைந்துவிட்டதால் சட்டத்தைக் கழற்றினேன். அந்தக் காலத்தில் படம் சட்டம் போடுகிற கடைக்காரர்கள் கழிவுத் தாள் எது கிடைத்தாலும் படத்துக்குப் பின்னால் திணித்துவிடுவார்கள். முருகனுக்குப் பின்னால் இருந்தது ஒரு தந்திப் படிவம். எழுத்தெல்லாம் செல்லரித்துப் போயிருந்தது. மூலையில் மட்டும் ஒரு கீழ்ப்பாதி முழுசாக இருந்தது. கந்தோரில் படிவங்களைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். அந்தத் துளை முத்திரையின் வலது ஓரத்தில் துருக் கறையோடு இருந்தது. வெட்டிய குமாஸ்தாவுக்கு என்ன அவசரமோ, கத்தரி சறுக்கி, வெட்டு இடப்பக்கம் சரிந்து ஓடியிருந்தது.

அந்தச் சரிவை நான் வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. டயகமப் பக்கத்துத் துரை பங்களா ஒன்றின் பழைய தாள்களிலிருந்து அக்கா எடுத்த மேல்பாதியில் இதே சரிவு உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். என் பாதியை அவரிடம் நீட்டினேன். அக்கா வாங்கிப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த வாரம் வந்து சொன்னார்.

"சாயம் வேற சாந்தி. என்னுது பழைய அச்சு, ஒன்னுது பிந்தி வந்தது. ஒனக்கு ஆச இருக்கு, கண்ணு இன்னும் பழகல."

துளை விழுந்த, கறை பிடித்த பாதி. அது என் ஆல்பத்துக்கு உதவாது, ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னிடம் கிடக்கட்டுமே என்றும் கேட்டார். நான் சந்தோஷமாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு எது கிடைத்தாலும் அக்கா பார்த்துப் பெயர் சொன்ன பிறகுதான் ஆல்பத்தில் வைத்தேன். எது எந்த அச்சு, எது அசல், எது போலி என்று என்னிடம் இருக்கிற எல்லாவற்றுக்கும் முடிவு சொன்னவர் அவர்தான். நானாகப் பார்த்து ஒன்றுக்கும் பெயர் வைத்ததில்லை. என் கண்ணைத்தான் நான் அன்றைக்கே கைகழுவிவிட்டேனே.

கருமாதிக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து பாக்கு வெற்றிலைக்கு உட்கார்ந்திருந்தபோது அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணன் அலுமாரியிலிருந்து ஓர் அட்டையைக் கொண்டுவந்து பெருமையாக நம் முன்னால் வைத்தார். ஒரே முத்திரையின் இரண்டு பாதிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நீங்களெல்லாம் வாயைப் பிளந்தீர்கள். ஹமீத் நானா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எனக்கு மட்டும் கீழ்ப்பாதியின் வலது ஓரத்துத் துளை முதலில் தெரிந்தது. பிறகு சரிவு. மேலும் கீழும் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது. சாயம் ஒன்றுதான், அதில் துளி வித்தியாசம் இல்லை.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இத எடுத்து பாக்கிற நேரமெல்லாம் ஒங்க பேர சொல்லுவாங்க டீச்சர். சாந்திக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு சொல்லி சிரிப்பாங்க. ஒங்களுக்கு ஏதோ பரிசா குடுக்கத்தான் வச்சிருக்காங்கன்னு நான் நெனச்சிக்கிட்டேன்."

நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து குசினிக்குப் போனேன். அங்கே அக்காவின் உடுப்பு ஒன்று கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. செத்துப்போனவரிடம் சண்டை பிடிக்க முடியாது என்பதுதான் சாவில் எனக்குப் பிடிக்காத விஷயம்.

நீங்கள் எல்லோரும் போன பிறகு அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. நான் கேட்காமலே உள்ளே போய்க் கத்தரியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். இரண்டு பாதிக்கும் நடுவில் அட்டையை வெட்டினேன். முத்திரைகளில் கத்தரி படவில்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டேன், அக்காவுடையதை அவர் படத்தின் முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

நினைவுக் கூட்டத்தில் காட்சிக்கு வைக்க அந்த முழு முத்திரை கிடைக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம். ஹமீத் நானா போனில், "என்ன டீச்சர், சேந்தத பிரிச்சிட்டீங்களே, கடைசியில அவங்க ஒங்களுக்கே தர இருந்தாங்களோ என்னமோ" என்று வருத்தப்பட்டார். தர நினைத்தவர் சாயம் வேறு என்று சொல்லியிருக்கத் தேவையில்லை நானா. அக்கா உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிக் கேட்காமல், என் கண்ணைக் குறை சொல்லி வாங்கிக்கொண்டார். என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

இப்போது பாடசாலை விட்டு வந்ததும் என் ஆல்பங்களைத் திறந்துகொண்டு உட்காருகிறேன். இந்த ஒன்றில் பொய் சொன்னவர் வேறு எதிலெல்லாம் சொன்னாரோ என்ற பயம். நானும் ஒரு கறுப்புத் தட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து நீர்க்குறி பார்த்து, அச்சுப் பார்த்து, வெட்டுப் பார்த்து, எனக்கு நானே பெயர் சொல்லிக்கொண்டு, பிறகு அக்கா சொன்னதோடு ஒப்பிடுகிறேன். எங்காவது இன்னொரு பொய் அகப்பட்டால் அவரை ஒரேயடியாக வெறுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். நேற்று மாலை கடைசி முத்திரையையும் பார்த்து முடித்தேன். அக்கா எனக்குச் சொன்ன மற்ற எல்லாம் சரி. ஒன்றில்கூடப் பிழை இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். இதை வைத்துக்கொண்டு அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.