கடைசி பெஞ்சில் நான்

தலைமை ஆசிரியர் ஆகவேண்டும் என்று பள்ளி நிர்வாகத்தில் முதுகலை படிக்கிறேன். அதில் ஒரு பயிற்சி: சக ஆசிரியர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, குறைகளை அவரிடமே சொல்ல வேண்டும்.

இன்று சுமதியின் கணக்கு வகுப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் டிபன் பாக்ஸில் உரிமையோடு கைபோடுகிறவள்.

நான் பேனாவைத் திறந்ததுமே அவள் குரல் மாறிவிட்டது. சிரிக்கச் சிரிக்க நடத்துகிற பின்னங்களை, இன்று புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் எதிரே வந்து நின்றாள்.

"சொல்லுங்க மேடம். என்னென்ன தப்புங்க?"

"ஏம்புள்ள, இது சும்மா படிப்புக்குத்தானே?"

"நாளைக்கு ஹெச்.எம். ஆனாலும் இதே பேனாதானுங்களே?"

"பிள்ளைங்களக் கேள்வியே கேக்க விடல நீ" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் அதே படிப்புல சீட் கிடைச்சிருச்சுங்க. அடுத்த வருசம் உங்க கிளாசுக்கு நான் வாரேனுங்க, மேடம்."

இப்போது உக்கடம் பஸ்ஸில் இருக்கிறேன். நாளை மதியம் நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது? நிர்வாகம் படித்து முடித்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் பாடத்தில் அது இல்லை.