முந்நூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்

தாவரவியல் துறையில் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவி, கரைசல் கலக்கி, புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் அடுப்பை அணைக்காமல் போனால் ஓடிப்போய் அணைத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமும் தற்காலிகம். வருஷா வருஷம் ஜூன் மாதம் ஒரு காகிதம் வரும்: இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது. அவ்வளவுதான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவர்மேல் இருந்த அக்கறை.

"நம்ம கல்யாணமாவது நிரந்தரமா, இல்ல அதையும் வருஷா வருஷம் நீட்டிக்கணுமா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். முதல் ஐந்தாறு தடவை அக்காவும் சிரித்தார்.

இந்தத் தடவை விஷயம் வேறு. நிரந்தரமாக்கச் சொல்லி அவர் பெயரில் ஒரு கோப்பு தயாராகி, துறைத்தலைவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மேஜையைத் துடைக்கும் சாக்கில் தினமும் அதைப் பார்த்துவிட்டு வருவார் அக்கா. மேலே இருந்த கோப்பு மெல்ல மெல்ல அடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. துறையே தலைகீழாக நின்றது. பத்து வருஷமாகத் திறக்காத ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடித்தார்கள். குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் தலைவர் ஆய்வகத்துக்குள் நுழைந்து, பாசி அடுக்குக்கு முன்னால் வந்து நின்று முகத்தைச் சுளித்தார்.

அது பாசியின் அடுக்கு. பாசி என்பது ஓர் ஆராய்ச்சி மாணவி. குளம் குளமாக அலைந்து பாசி எடுத்து வந்து வளர்த்ததால் எல்லோரும் வைத்த பெயர். ஐந்து வருஷ உழைப்பு, முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைக் குழாய்களில் பச்சையாக நின்றது. எது எந்தக் குளம், எந்த மாதம் என்று வெறும் கண்ணால் யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு குழாயிலும் மார்க்கர் பேனாவால் ஓர் எண். அந்த எண்ணுக்கான விவரம் அவள் கம்ப்யூட்டரில். இன்னும் மூன்று மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியவள், வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தாள். அவளுடைய கைடு போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார். கேட்க நாதியில்லை.

"என்னங்க இது, கிறுக்கி வெச்ச மாதிரி? ஒரே அழுக்கு, மை. அடுக்குக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருவான். டியூப் எல்லாத்தையும் எடுத்து பளிச்சுன்னு துடைங்க. தண்ணி போட்டா திட்டுத் திட்டா நிக்கும். ஸ்பிரிட் போடுங்க."

"சார், ஸ்பிரிட் பட்டா நம்பர் அழிஞ்சிடும். அந்தப் பொண்ணு..."

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும். எனக்கே பாடம் எடுக்காதீங்க."

அக்காவுக்குத் தெரியும். பாசி சேர்ந்த நாளிலிருந்து, "மார்க்கர்ல எழுதாதடி, பென்சில்ல எழுதி டேப் ஒட்டு" என்று கத்திக்கொண்டிருந்தவரே அவர்தான். "நேரமில்லக்கா, அப்புறம் ஒட்டுறேன்" என்று ஐந்து வருஷத்தை ஓட்டியிருந்தாள் அந்தப் புண்ணியவதி.

தலைவர் போனதும் அக்கா ஒரு டேப்பும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தார். எண்ணைப் பார்த்து எழுதி, டேப்பை ஒட்டி, பிறகு துடைத்தார். நாற்பது குழாய் முடிந்திருக்கும். தலைவர் திரும்ப வந்துவிட்டார்.

"என்ன, ஒட்டுப் போட்டுட்டு இருக்கீங்க? பார்க்கக் கண்றாவியா இருக்கு. பிய்ங்க எல்லாத்தையும்." வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "உங்க ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. குழு போனதும் போட்டு விட்டுடலாம்னு பார்த்தேன். நீங்கதான் இப்படிப் பண்றீங்க."

அக்கா போனைக் கையில் எடுத்தார். பாசியின் எண்ணையும் தேடி வைத்தார். சொன்னால் அவள் அங்கிருந்தே தலைவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாள். யார் சொன்னது என்று கேட்பார். அடியில் கிடக்கும் கோப்பு குப்பைக்கூடைக்குப் போகும். பத்தொன்பது வருஷம்! போனைக் கீழே வைத்துவிட்டு, ஒட்டிய நாற்பதையும் தன் கையாலேயே பிய்த்தார். பிறகு பஞ்சை நனைத்தார். துடைக்கத் துடைக்கக் கறுப்பு மை பஞ்சில் ஏறியது. துடைத்த குழாய்களையெல்லாம் ஒரே வாளியில் போட்டார். பெயின்ட் காய்ந்ததும் பழைய வரிசை தெரியாமல் அடுக்கினார்.

மறுநாள் குழு வந்தது. அடுக்கு முன்னால் நின்று "ரொம்ப நீட்" என்று ஓர் அம்மா சொன்னார். தலைவருக்கு வாயெல்லாம் பல்.

இரண்டு நாள் கழித்துப் பாசி வந்தாள். ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் எழுதிக் கொடுத்த புகாரை விசாரிக்கத் தலைவர் அறையில் எல்லோரையும் கூட்டினார்கள்.

"சார்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னார்" என்றார் அக்கா.

தலைவர் அசரவேயில்லை. "துடைங்கன்னு சொன்னேன். ஸ்பிரிட்னு சொன்னேனா? நல்லா இருக்கே கதை! சரி, ஸ்பிரிட் பட்டா மார்க்கர் அழியும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? ஒண்ணு சொல்லுங்க."

தெரியும் என்றால் வேண்டுமென்றே செய்தது. தெரியாது என்றால் பத்தொன்பது வருஷம் என்ன கிழித்தாய் என்பார்கள். "தெரியாது சார்" என்றார் அக்கா.

பாசி தலையைத் தூக்கினாள். "பொய். டேப் ஒட்டச் சொல்லி அஞ்சு வருஷமா என்னை நச்சரிச்சதே இவங்கதான்."

அவள் சொன்னது உண்மை. அதுதான் அக்காவின் கதையை முடித்தது. தலைவர் அடியிலிருந்த கோப்பை அன்றைக்குத்தான் மேலே எடுத்தார். 'தகுதியற்றவர்' என்று எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டார். ஜூன் காகிதமும் இனிக் கிடையாது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் இருங்க. போறதுக்கு முன்னாடி அந்த டியூப்பெல்லாம் கொட்டிக் கழுவி வெச்சிடுங்க" என்றார். எது எந்தக் குளத்தில் எடுத்தது என்றே தெரியாத குழாய்களை வைத்துக்கொண்டு யாரால் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்?

கடைசி நாள் அக்கா தொட்டி முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் கொட்டினார். ஐந்து வருஷம் பச்சைத் தண்ணீராக ஓட்டைக்குள் போனது. பாசி வந்து பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். கழுவிக் காய்ந்த குழாய்களை எடுத்து, பென்சிலால் ஒன்று என்று எழுதி டேப் ஒட்டினாள். இரண்டு. மூன்று. முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

டேப்பைக் கிழித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணலாம்னுதான் எடுத்தேன்" என்றார் அக்கா.

"எடுத்தீங்களா?" இப்போதுதான் அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அக்காவுக்குப் போன் பண்ணத் தோன்றியே இருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "இன்னும் எத்தனை இருக்கு?"

"நூத்திப்பத்து."

"கழுவுங்க" என்றாள் பாசி.