கொழுந்தனார் அண்ணாச்சியான நாள்

கோமதியம்மாளுக்குச் சுரண்டைப் பக்கம். புருஷன் தங்கபாண்டியோடு திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காங்கிரீட் வேலைதான் பிழைப்பு. நாலு வருஷமாக அவளுடைய வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் வேலைக் கூட்டமான செட்டில் இருந்து அவளைக் கழிக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. காரணம் அவள் வாய்.

லாரி நுழையாத சந்துகளில் காங்கிரீட் மேலே போவது சட்டியில்தான். கீழே கலவை மிஷினில் தொடங்கி, சாரப்படி வழியே மாடி வரை பதினான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். கோமதி மிஷின் அருகில் நின்று ஒரு வரி பாடுவாள். எல்லாரும் "ஏத்து, ஏத்து!" என்பார்கள். அந்தச் சொல்லில் சட்டி கை மாறும். வரியை அவள் முன்கூட்டி யோசித்து வருவதில்லை. சட்டி யார் கைக்குப் போகிறதோ அந்த ஆளைப் பார்ப்பாள், வரி தானே வந்துவிடும். தலைமுடி, மூக்கு, மாமியார் என்று ஒன்றையும் விடமாட்டாள். கேலிக்குக் கை தானாக வேகம் எடுக்கும்.

அதில் அதிகம் மாட்டியவர் ஏழாவது படியில் நிற்கும் வன்னியபெருமாள். அவருக்கு வாசுதேவநல்லூர், ரத்த உறவு ஒன்றும் கிடையாது. வேலையிடத்துப் பழக்கத்தில் அவள் அவரைக் கொழுந்தனார் என்பாள், அவர் இவளை மதினி என்பார். கொழுந்தன் என்றால் கேலிக்குத் தடை ஏது?

"மீசைக்கு மையடிச்சார் கொழுந்தனாரு!"

"ஏத்து, ஏத்து!"

"மழையில நனஞ்சதும் வெளுத்துட்டாரு!"

"ஏத்து, ஏத்து!"

பதினோரு வருஷம் இப்படிப் போனது. போன ஞாயிற்றுக்கிழமை, கோமதியின் மகள் கௌசல்யாவுக்கும் வன்னியபெருமாள் மகன் மஹேஷுக்கும் வெற்றிலை மாற்றினார்கள். அங்கேதான் முறை புரண்டது. கொழுந்தன் மகனுக்குப் பெண் கொடுத்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் முடிச்சுப் போட்ட கதை ஆகிவிடாதா? ஆகவே கொழுந்தனார் ராத்திரியோடு ராத்திரியாக அண்ணாச்சி ஆனார். சம்பந்தம் செய்த அண்ணாச்சியின் மீசையைப் பற்றி எந்தத் தங்கச்சி பாடுவாள்?

செவ்வாய்க்கிழமை கழக்கூட்டத்தில் ஒரு வீட்டுக்குத் தட்டு, அதாவது மாடிக் கூரைக்குக் காங்கிரீட், போட்டார்கள். ஆரம்பித்தால் இடையில் நிறுத்தக்கூடாத வேலை. நிறுத்தினால் பழசும் புதுசும் ஒட்டாமல் அந்த இடம் ஒழுகும். கோமதி முதல் ஆறு பேரையும் வழக்கம்போல் வாரிவிட்டாள். ஏழாவது ஆள் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு இல்லாத இடத்தில் "ஏத்து" எப்படி வரும்? வன்னியபெருமாள் கையை நீட்டுவதா வேண்டாமா என்று திகைத்தார். சட்டி சரிந்து கீழ்ப்படிக்காரி எலிசாளின் தோளில் பாதி கொட்டியது.

"அண்ணாச்சிக்கும் ஒண்ணு பாடேன், பெண்ணே!" என்று எலிசாள் கத்தினாள்.

கோமதி மரியாதையாகவே பாடிப் பார்த்தாள். "கோயில் கொடிமரம் போல நிமிர்ந்து நிக்கும் குணம்நிறைந்த எங்க அண்ணாச்சி அவர்களே..."

வரி முடிவதற்குள் எலிசாள் கையில் ரெண்டு சட்டி சேர்ந்துவிட்டது.

"கோமதி, நீ சட்டி ஏத்துறியா, அண்ணாச்சிக்கு மாலை போடுறியா?" என்றாள் எலிசாள்.

வரிசை முழுக்கச் சிரிப்பு. சிரித்த கையில் சட்டி நிற்குமா? இன்னும் ரெண்டு கவிழ்ந்தது. மலையாளத்துக்காரரான மேஸ்திரி ஹரிகுமார் மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"எந்தா இது, கோமதியக்கா? பாட்டு சரியாவலேன்னா நாளை முதல் எலிசா பாட்டு விளிக்கட்டு. அக்கா சாரத்துல ஏறி நின்னுக்கோ, கேட்டோ!"

சாரத்தில் ஏறுவதா? இரண்டாம் படியிலேயே முட்டி பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் அவளுக்கு இந்தச் செட்டில் என்ன வேலை? மிஷினோ நிற்காமல் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வன்னியபெருமாள் அவளைப் பார்த்தார். அவர் மனசும் புண்பட்டுத்தான் கிடந்தது. பதினோரு வருஷம் திட்டிக்கொண்டே கேட்ட பாட்டு. இன்றைக்கு எல்லாருக்கும் வரி உண்டு, அவருக்கு மட்டும் இல்லை. பந்தியில் அவர் இலையை மட்டும் தாண்டிப் போன மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தார். மாடி விளிம்பில் தங்கபாண்டி மட்டப்பலகையைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி எத்தனை பேரைப் பாடினாலும் கட்டின புருஷனைப் பாடியதில்லை. அந்தத் தெம்பில் இத்தனை வருஷமும் ஊர்க் கேலிக்கெல்லாம் சிரித்து வயிறு வளர்த்த மனுஷன் அவர்.

தங்கச்சி புருஷன் என்றால் நமக்கு மச்சான் அல்லவா! வன்னியபெருமாள் தொண்டையைச் செருமினார். ஓட்டைத் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"எங்க மச்சான் மேல நிக்கான்!"

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. எலிசாள்தான் முதலில் "ஏத்து, ஏத்து!" என்றாள்.

"வேலை சொன்னா வானம் பாக்கான்!"

"ஏத்து, ஏத்து!"

தாளம் நொண்டியது. கோமதி மிஷின் தகட்டில் கரண்டியால் தட்டி அதை நேராக்கினாள். அப்புறம் அவள் வாயும் திறந்தது.

"அண்ணாச்சி சொல்லு பொய்ச்சிடுமா!"

"ஏத்து, ஏத்து!"

"அவிச்ச நெல்லு முளைச்சிடுமா!"

"ஏத்து, ஏத்து!"

"ஏய்! சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிருவேன், பாத்துக்க!" என்று மாடியில் இருந்து தங்கபாண்டி சத்தம் போட்டார்.

"வெத்திலை மாத்தியாச்சு மச்சான், இனி ஒண்ணும் நடக்காது" என்றார் வன்னியபெருமாள். சொல்லிக்கொண்டே சட்டியை வாங்கி மேலே தள்ளினார்.

அதன்பிறகு அவர் ஒரு வரி போட, இவள் ஒரு வரி தொடுக்க, மூன்று மணிக்கெல்லாம் தட்டு முடிந்தது. "நாளைக்கும் பாட்டு அக்கா தன்னெ விளிச்சா மதி" என்று ஹரிகுமார் அந்த வேலையை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்.

தங்கபாண்டி இறங்கி வந்து காலில் ஒட்டிய சிமெண்டைக் கழுவினார்.

"ஊரே சிரிச்சுது. நீ மட்டும் என்னப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நல்லவ."

"நான் எதுக்குச் சொல்லுதேன்?" என்றாள் கோமதி. "அதுக்குத்தான் எங்க அண்ணாச்சி இருக்காவளே."