நோட்டில் எழுதிய 148

சவரிமுத்துவின் விரலில் அன்று நான் ஊசி குத்திப் பார்க்கவில்லை. பார்த்ததாக நோட்டில் எழுதினேன். 148... அந்த எண் என் சொந்தக் கற்பனை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தினமும் காலையில் காலடிப்பேட்டையிலுள்ள அவர் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை பார்த்து, சாப்பிட்டாரா என்று உறுதி செய்துகொண்டு இன்சுலின் போடுவது என் வேலை. பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை ஏன் மிச்சம் பிடித்தேன் தெரியுமா உங்களுக்கு? சிலுவைப் பாதைக்கு நேரமாகிவிட்டதாம்!

"சாப்ட்டியா நைனா?"

"துன்ட்டேன் சிஸ்டர். நீ ஊசியப் போடு."

அன்று பெரிய வெள்ளி. நானே ஒருசந்தி நோன்பு, வயிறு காலி. மருமகள் ரீட்டா தடுத்தாலும் அவரும் நோன்பென்று சாப்பிடாமல் இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. அதுதான் கொடுமை. தோன்றியும் போட்டேன்.

பதினொரு மணிக்கு நான் கோயிலில் இருந்தபோது ரீட்டா போன் செய்தாள்.

"சிஸ்டர், மாமா ஒரு மாரி பேசிக்கினு கீறாரு. நான் யாருன்னு என்னையே கேக்கறாரு."

"வயசாயிடுச்சுல்ல ரீட்டா, வெயிலு வேற. தூங்கவுடு."

வயதானவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லாமல் புத்தி மட்டும் தடுமாறலாம். இதை எத்தனை புது நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அப்போது கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் போதுமாயிருந்திருக்கும்... நான் தூங்கச் சொன்னேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். காலையில் 148, சரியாகத்தான் இருக்கிறது, அப்புறம் யாரும் சாப்பாடு கொடுக்கவில்லையா என்று ரீட்டாவிடம் கேட்டார். அவள் வைத்த இட்லியைப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார் கிழவர்.

"நான்தான் பக்கத்துல குந்தி பார்க்காம வுட்டுட்டேன் சிஸ்டர்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுத்தேனே... வாயைத் திறந்தேனா?

பாவசங்கீர்த்தனத்தில் என் பொய்களையும் கோபங்களையும் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவார் என்ற பயம். மன்னிக்க வேண்டியவள் ரீட்டா அல்லவா?

இப்போது அவளுக்கும் சர்க்கரை. வாரம் தவறாமல் என்னிடம்தான் வருகிறாள்.

"வேற யாரு பார்த்தாலும் எனக்கு நம்பிக்கையில்ல சிஸ்டர்" என்று விரலை நீட்டுகிறாள்.

குத்துகிறேன். எண்ணைப் பார்க்கிறேன். அதே கையால் எழுதுகிறேன்.