உரிய உத்தரவுக்காகப் பணிவுடன்

ஒப்பந்தச் சட்டத் தாளில் நான் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை, வினாத்தாள் சரியில்லை என்று வீட்டில் சொன்னேன். இரண்டாம் முறை, திருத்தியவனுக்கு மூளை சரியில்லை என்று சொன்னேன். புத்தகம் அட்டை முதல் அட்டை வரை எனக்கு மனப்பாடம். எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிறகு நான் எப்படித் தோற்பேன்?

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ். கணவர் வேறோர் அமைச்சகத்தில் என்னைப் போலவே ஃபைல் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. பி.ஏ. முடித்துப் பதினேழு வருஷம் கழித்து, ஆபீஸ் விட்டதும் பஸ் பிடித்து ஓடி, மாலைக் கல்லூரியில் மூன்று வருஷச் சட்டப் படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என் மாதிரி குமாஸ்தாக்கள்தான். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் இருந்தார். கடைசி பெஞ்சில் நன்றாகத் தூங்குவார். வருகைப் பதிவுக்கு மட்டும் விழித்துக்கொண்டு ‘பிரசன்ட்’ சொல்வார். அவர்கூட ஒப்பந்தச் சட்டத்தில் பாஸ். எனக்கு வயிறு எரிந்தது.

எதற்கு இந்த வயதில் சட்டம் என்று கேட்காத ஆளில்லை. பதினேழு வருஷமாக நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் வேறு யாரோ ஒருவர் கையெழுத்தில்தான் வெளியே போயின. வாக்கியம் நன்றாக இருந்தால் அதிகாரி பெயர் வாங்கிக்கொள்வார். தப்பாக இருந்தால் என்னைக் கூப்பிடுவார். ஒரு தடவையாவது கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிபதி முன்னால் நின்று, ‘இது என் வாதம்’ என்று என் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் ஆசை. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வருஷத் தாள் ஒன்று பாக்கி இருந்தாலும் எங்கள் கல்லூரியில் மூன்றாம் வருஷத்துக்குள் விட மாட்டார்கள். எனக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“விட்டுத் தொலையேன். யாரு உன்னை வக்கீலாகச் சொல்லி அழுதா?” என்றார் கணவர், காபியை ஆற்றிக்கொண்டே. அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இரண்டு நாள் அவர் சர்க்கரை போதவில்லை என்றுகூட வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வகுப்பில் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். ஒரே கேள்வி. ஒருவன் தன் ஸ்கூட்டரை விற்பதாகக் கடிதம் எழுதுகிறான். மற்றவன் வாங்கிக்கொள்கிறேன் என்று காலையில் பதில் கடிதத்தைத் தபாலில் போடுகிறான். அன்று மாலை முதல் ஆள், விற்கவில்லை என்று தந்தி அடிக்கிறான். ஒப்பந்தம் உண்டா, இல்லையா? நான் நாலு பக்கம் எழுதினேன். கூடுதல் தாள் வாங்கியது நான் ஒருத்திதான்.

எங்கள் ஆசிரியர் பஞ்சாபிக்காரர். பகலில் கோர்ட், மாலையில் வகுப்பு. விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். பத்துக்கு இரண்டு போட்டிருந்தார். என் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். “விற்பவர் கட்டுப்பட்டவர் என்று கொள்ளலாம். அல்லது, கட்டுப்படாதவர் என்றும் கருத இடமுண்டு. நிலைமை இவ்வாறிருக்க, உரிய உத்தரவுக்காகப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.”

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “மேடம்ஜி, யார் உத்தரவு போடணும்? நானா?”

அதற்குக் கீழே, இடது ஓரத்தில், என் சுருக்கொப்பம். பக்கத்தில் தேதி. அதற்கும் கீழே மேலதிகாரி எழுதுவதற்காக நாலு விரற்கடை இடம் வேறு விட்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதையெல்லாம் எழுதியது எனக்கு நினைவே இல்லை. கை தானாகச் செய்த வேலை. உதவியாளர் என்றால் இரு பக்கத்தையும் எழுதி, முன்மாதிரிகளைக் காட்டி, மேலே அனுப்ப வேண்டும். முடிவு எடுக்கக் கூடாது. எடுத்தால் ‘நீ யார்?’ என்று ஃபைல் திரும்பி வரும். பதினேழு வருஷம் இதற்காகத்தான் என்னை மெச்சினார்கள். அவமானத்தில் காது சுட்டது. இரண்டு முறையும் நான் பரீட்சையா எழுதியிருக்கிறேன்? ஒவ்வொரு கேள்விக்கும் நோட் போட்டு மேலே அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் பால்கனிக்குப் போய்விட்டார். முதுகு குலுங்கியது. மகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

“அம்மா, நீ எங்கிட்ட எப்பவாவது ‘உரிய உத்தரவு’ கேட்டிருக்கியா? டிரிப்புக்குப் போகட்டுமான்னு நான் ஆரம்பிச்சாலே நஹீன்னு சொல்லிடுவே. ரீசன் கேட்டா அப்புறம்தான் யோசிப்பே. அப்படியே எழுதேன்.”

பேச்சுக்கு நடுவே இந்தியும் இங்கிலீஷும், ஆனால் விஷயம் உண்மை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்த மாத்திரத்தில் முற்றல் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன். கடைக்காரருக்கு அப்பீலே கிடையாது. ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் மீட்டரைப் போட்டுவிடுவார்கள். பேனாவும் கோடு போட்ட தாளும் கைக்கு வந்தால்தான் எனக்கு முதுகெலும்பு காணாமல் போகிறது.

அன்றிலிருந்து மகள் எனக்குக் கோர்ட் நடத்தினாள். சாயங்காலம் வகுப்பு இருந்ததால் காலைச் சமையல் நேரம்தான் வசதி. குக்கரை அடுப்பில் ஏற்றியதும் அவள் ஒரு வழக்கைப் படிப்பாள். விசில் வருவதற்குள் நான் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ சொல்ல வேண்டும்.

“பதினாறு வயசுப் பையன் பைக் வாங்க அக்ரிமென்ட் போடறான். செல்லுமா?”

“பொதுவாப் பார்த்தா...”

“பொதுவா கிதுவா கூடாது. ஜல்தி, ஜல்தி.”

விசில் வந்துவிடும். வேகாத பருப்போடு நான் நிற்பேன். முதல் வாரம் முழுக்கத் தோற்றேன். மூன்றாம் வாரம் அவள் வழக்கை முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன். “முதல்ல கேளும்மா” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். கணவர் பல் தேய்த்துக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நிற்பார். சரியாகச் சொன்னால் பிரஷ்ஷை ஆட்டுவார்.

பரீட்சையில் முதல் கேள்வி, காணாமல் போன மாட்டைப் பற்றி. கண்டுபிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்று சொந்தக்காரர் விளம்பரம் செய்கிறார். அதைப் பார்க்காத ஒருவன் மாட்டைக் கொண்டுவந்து கட்டிவிட்டு, பிறகு விளம்பரத்தைப் பார்த்து வெகுமதி கேட்கிறான். கிடைக்குமா? என் கை ‘கிடைக்கும் என்றும்’ என்று ஆரம்பிக்கப் பரபரத்தது. கண்ணை மூடிக் குக்கரை நினைத்துக்கொண்டேன். ‘கிடைக்காது’ என்று முதல் வரியில் எழுதினேன். எழுதிவிட்டு, யாராவது கூப்பிட்டு ‘நீ யார்?’ என்று கேட்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. விளம்பரம் தெரியாதவன் அதை எப்படி ஏற்றுக்கொண்டிருக்க முடியும் என்ற காரணத்தை அதற்கப்புறம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம்தான் வந்தது.

பாஸ் செய்தேன். அடுத்த வருஷம் மீதியையும் முடித்தேன். இனிமேல் எல்லாம் சுகம் என்றுதானே நினைப்பீர்கள்? அரசுச் சம்பளம் வாங்குகிறவர் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. வேலையை விட வேண்டும்.

ராஜினாமாவை ஒன்றேகால் பக்கம் எழுதிக் கணவரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். “இது ராஜினாமா இல்லம்மா. ராஜினாமா பண்ணலாமான்னு அவங்ககிட்ட அபிப்பிராயம் கேட்டிருக்கே.” பிறகு காகிதத்தை என்னிடமே நீட்டி, “போணும்னா போ. நான் இருக்கேன்ல?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காகிதத்தைக் கிழித்துப் போட்டு ஒரே வரியில் எழுதினேன்.

அதிகாரி அதன் ஓரத்தில் ‘பேசவும்’ என்று பச்சை மையில் எழுதி அனுப்பினார். போனேன். பென்ஷனைப் பற்றி, கோர்ட்டின் புழுதியைப் பற்றி, என் வயதைப் பற்றியெல்லாம் பேசினார். என் முகத்தில் மாற்றம் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். “சரி, இதை ஏற்பது பற்றி ஒரு நோட் போட்டு அனுப்புங்கள். செக்ஷனில் உங்களைவிட நன்றாக எழுத யார் இருக்கிறார்கள்?”

என் ராஜினாமாவுக்கு நானே நோட். மேஜைக்குத் திரும்பி நோட் எழுதும் பச்சைத் தாளை எடுத்து வைத்தேன். பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ‘கடிதம் பக்கம் ஒன்றில் உள்ளது. ஏற்கவும்’ என்று எழுதி, சுருக்கொப்பத்துக்குப் பதிலாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவர் தாளைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவுதானா? மாற்று யோசனை எதுவும் எழுதவில்லையே?”

“இல்லை சார்” என்றேன்.